மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை: கணிதத்தில் பிஎச்.டி. செய்கிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் துறைமுகக் குமாஸ்தா ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு முன் போர்ட் டிரஸ்டில் அவர் வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் 30 ரூபாய். பட்டம் எதுவும் கிடையாது, எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையையே தாண்டாதவர். தொகை இரண்டு வருடத்துக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ராமானுஜன் அப்படி மூன்று அறிக்கைகள் கொடுத்தார்: 1913 ஆகஸ்ட் 5, நவம்பர் 7, அப்புறம் 1914 மார்ச் 9. மூன்றாவதைக் கொடுத்த எட்டாம் நாள் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குக் கொடுத்தது 'ஆராய்ச்சியின் மூலம் பி.ஏ.' என்ற பட்டம். அங்கே அப்போது பிஎச்.டி. என்ற ஒன்றே வந்திருக்கவில்லை.

இன்றைக்கு நம் ஊரில் கணிதத்தில் பிஎச்.டி. சேர்கிறவர்கள் எழுதிக் கொடுக்கும் ஆறு மாத அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று அறிக்கைகள் நினைவுக்கு வரும். ராமானுஜனோடு ஒப்பிட அல்ல, அது அபத்தம். இந்த ஆறு மாதத்தில் என்ன செய்தாய் என்ற கேள்விக்கு ஒரு கணித ஸ்காலரின் நேர்மையான பதில் பெரும்பாலும் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதுதான். அந்தப் பதிலை எழுத படிவத்தில் இடமில்லை. இந்தப் படிப்பின் சிக்கல்களில் பாதி அந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது.

சரி, முதலில் உள்ளே எப்படிப் போகிறார்கள் என்று பார்க்கலாம். பெரும்பாலானவர்களுக்கு வாசல் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசிய அளவிலான தகுதித் தேர்வு. மூன்று மணி நேரம், மூன்று பகுதிகள், 200 மதிப்பெண். முதல் பகுதி தர்க்க யோசனையும் எளிய கணக்கும், இரண்டாவது வழக்கமான நான்கு விடைக் கேள்விகள். ஆளைப் பிரிப்பது மூன்றாவது. 60 கேள்விகளில் 20க்கு விடை எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 4.75 மதிப்பெண். ஒரு கேள்விக்குச் சரியான விடை ஒன்றாகவும் இருக்கலாம் மூன்றாகவும் இருக்கலாம், எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண், ஒன்று தப்பினால் பூஜ்யம். மோசமான தேர்வு என்று சொல்ல மாட்டேன். எம்.எஸ்சி.யில் மனப்பாடம் செய்தே முதல் வகுப்பு வாங்கியவர்களை அது ஈவிரக்கமில்லாமல் வடிகட்டிவிடும். எதிர் உதாரணங்களைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர்கள், அதாவது 'தொடர்ச்சியானது, ஆனால் எங்கேயும் வகையிட முடியாதது' என்றதும் ஒரு சார்பு சட்டென்று மனதில் வருகிறவர்கள், அதில் தேறுவார்கள். ஆனால் அது அளப்பது வேகத்தை. ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்ததுக்கு ஓடு என்பதுதான் கோச்சிங் சென்டர்களில் முதல் நாள் பாடம். உள்ளே வந்தபிறகு செய்ய வேண்டியதோ நேர் எதிர், ஒரே கேள்வியை ஐந்து மாதம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பணம் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து வருடம். அணுசக்தித் துறையின் கீழ் இருக்கும் தேசிய உயர் கணித வாரியம் தனியாகத் தேர்வு வைத்து உதவித்தொகை கொடுக்கிறது. அந்த வினாத்தாள் நெட்டைவிட எனக்குப் பிடித்தமானது, யோசிக்க வைக்கும். தரமணியில் 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனமான சி.எம்.ஐ., ஐ.ஐ.டி. எல்லாம் தங்கள் பங்குக்கு நேர்முகத் தேர்வு வைப்பார்கள், அங்கே கரும்பலகை முன் நிற்க வைத்துக் கேட்பார்கள். எம்.எஸ்சி.யில் கற்றதில் உங்களுக்குப் பிடித்த தேற்றம் எது என்று ஆரம்பித்து, அதில் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று போவார்கள். அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்காமலேயே தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற பழக்கம் ஒருவருக்கு இருக்கிறதா என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

உதவித்தொகை இல்லாமல் சேர்கிறவர்களின் கதை வேறு. தனியார் கல்லூரி ஒன்றில் வாரம் முழுக்க வகுப்பெடுத்துக்கொண்டு, விடைத்தாள் திருத்திக்கொண்டு, பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிற பெரிய கூட்டம் தமிழ்நாட்டில் உண்டு. வேலையைத் தக்கவைக்கவே அவர்களுக்குப் பட்டம் தேவைப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்று, பேருந்துப் பயணம் ஒன்று, இந்த இரண்டு இடைவெளியில் அவர்கள் கணிதம் செய்கிறார்கள். பிறகு ஏன் ஆய்வின் தரம் இப்படி இருக்கிறது என்று கருத்தரங்குகளில் பேசுகிறோம்.

நடைமுறை விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, மேலும் இரண்டு வருடம் நீட்டிக்கலாம், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு. பேறுகால விடுப்பு 240 நாள் வரை. ஆரம்பத்தில் 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் கோர்ஸ் வொர்க், அதாவது வகுப்புப் பாடங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் நின்று விளக்கம். பிஎச்.டி.க்கு முந்தைய படியாக இருந்த எம்.ஃபில். பட்டம் அந்த விதிமுறையோடு போய்விட்டது; ஒரு வருடம் செய்துபார்த்து 'இது நமக்கு வராது' என்று மரியாதையாக வெளியேற இருந்த ஒரு கதவும் அதோடு போய்விட்டது என்பது என் வருத்தம்.

அடுத்தது கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி. இதைத்தான் நான் நீட்டிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சேர்கிறவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கிறார்கள், பிறகு 'எந்த ஏரியா ஸ்கோப் உள்ளது' என்று கேட்கிறார்கள், கைடு யார் என்பது கடைசியில் யாரிடம் இடம் காலியாக இருக்கிறதோ அவர் என்று முடிந்துவிடுகிறது. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. எட்டும் நிரம்பிய ஒருவர் உங்கள் நிரூபணத்தை வரி வரியாகப் படிப்பாரா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வேதியியலில் ஆய்வுக்கூடம் இருக்கிறது, சீனியர்கள் இருக்கிறார்கள், கருவி இருக்கிறது, ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கும். கணிதத்தில் இருப்பது ஒரு மேசை, ஒரு கரும்பலகை, ஒரு மனிதர். அந்த மனிதர் கொடுக்கும் முதல் கேள்விதான் ஐந்து வருடத்தின் தலையெழுத்து. எளிதாக இருந்தால் அதற்கு மதிப்பில்லை, ரொம்பக் கடினமாக இருந்தால் ஆள் உடைந்துபோவான். இரண்டுக்கும் நடுவில், திறக்கவும் கூடும், கொஞ்சம் மல்லுக்கட்டவும் வேண்டும் என்கிற மாதிரி ஒரு கேள்வியைப் பொறுக்கிக் கொடுப்பதே கைடின் திறமை. அதைச் செய்ய அவரே அந்தத் துறையில் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும்.

சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்த பாதிரியார் ரசீன் செய்தது இதைத்தான். பிரான்சில் அப்போது நடந்துகொண்டிருந்த புதிய கணிதம் எது என்று அவருக்குத் தெரியும், தன்னால் எதுவரை சொல்லித்தர முடியும் என்பதும் தெரியும். சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் அவரிடம் படித்துவிட்டு 1953இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார்கள். 1965இல் வந்த நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் இன்றும் வடிவியலிலும் இயற்பியலிலும் புழங்குகிறது. 1989இல் சேஷாத்ரி சென்னையில் ஆரம்பித்ததுதான் பின்னாளில் சி.எம்.ஐ. ஆனது. மாணவனை வேறிடத்துக்குப் போ என்று அனுப்பிவைக்கிற ஆசிரியர் எவ்வளவு அபூர்வம் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1970இல் நார்மன் லெவின் என்ற கணிதவியலாளர், வடிவங்களை இழுத்து வளைத்தாலும் மாறாத பண்புகளைப் பற்றிய டோபாலஜி என்ற பிரிவில் 'பொதுமைப்படுத்திய மூடிய கணம்' என்று ஒன்றை வரையறுத்தார். நல்ல கருத்து. அதன் பிறகு முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்து ஒரு புது மூடிய கணம், இரண்டு எழுத்தைச் சேர்த்து இன்னொன்று, ஃபஸ்ஸியைச் சேர்த்து மற்றொன்று என்று நம் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரு குடிசைத் தொழிலே வளர்ந்துவிட்டது. வரையறை, ஐந்து எளிய முடிவுகள், எது எதற்குள் அடங்கும் என்று அம்புக்குறி போட்ட ஒரு படம், இரண்டு எதிர் உதாரணம், கட்டுரை தயார். எதையும் தப்பு என்று சொல்ல முடியாது, எல்லாம் சரியாகவே நிரூபிக்கப்பட்டிருக்கும். இந்தப் புதுக் கணம் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று கேட்டால்தான் அறை அமைதியாகும். செய்கிற பிள்ளைகள் மேல் குற்றமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட ஏதாவது வேண்டும் என்றால், ஆறு மாதத்தில் முடிகிற கணிதத்தைத்தான் எல்லோரும் செய்வார்கள்.

உண்மையான ஒரு கேள்வி எப்படி இருக்கும் என்று காட்ட எனக்கு வசதியானது மரங்களின் எண்ணிடல். கணிதத்தில் மரம் என்றால் சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், எங்கேயும் சுற்றி வந்து மூடக் கூடாது, எல்லாம் ஒன்றாய் இணைந்திருக்க வேண்டும். நான்கு புள்ளிகளை வரிசையாகக் கோர்த்த ஒரு மரத்தை எடுங்கள். புள்ளிகளுக்கு 0, 3, 1, 2 என்று அதே வரிசையில் எண் கொடுங்கள். கோட்டின் இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசம் முறையே 3, 2, 1. எந்த வித்தியாசமும் இரண்டாம் முறை வரவில்லை. எந்த மரத்தை எடுத்தாலும் இப்படி எண் கொடுத்துவிட முடியுமா? அதாவது n புள்ளிகள் இருந்தால் 0 முதல் n-1 வரையான எண்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, கோடுகளின் வித்தியாசங்கள் எல்லாம் வெவ்வேறாக வருமாறு செய்ய முடியுமா? முடியும் என்பது ஊகம். அலெக்சாண்டர் ரோசாவின் 1967 கட்டுரையிலிருந்து கிளம்பிய இந்தக் கேள்விக்கு இன்றுவரை நிரூபணம் இல்லை. கணினியை வைத்து 35 புள்ளிகள் வரையுள்ள எல்லா மரங்களையும் சோதித்துவிட்டார்கள், எல்லாவற்றுக்கும் முடிகிறது. அது நம்பிக்கை தரும், நிரூபணம் ஆகாது, 36ஆவது புள்ளியில் என்ன காத்திருக்கிறதோ.

'கணக்கில் புதிதாகக் கண்டுபிடிக்க இன்னும் என்ன இருக்கிறது' என்று கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் வரைந்து காட்டுவேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

இதில் ஒரு ஸ்காலர் என்ன செய்வார்? முழு ஊகத்தையும் நிரூபிக்கக் கிளம்ப மாட்டார், கைடு விடமாட்டார். ஒரு வகை மரத்தை எடுத்துக்கொள்வார். நுனிப் புள்ளிகளை எல்லாம் கிள்ளி எறிந்தால் ஒரே கோடாக மிஞ்சும் மரத்துக்குக் கம்பளிப்பூச்சி என்று பெயர். அதற்கு எண் கொடுக்க முடியும் என்பது ரோசாவுக்கே தெரியும். நுனிகளைக் கிள்ளினால் கம்பளிப்பூச்சி மிஞ்சுகிற மரம் சிங்கி இறால். ஒரே ஒரு படிதான் கூடுதல், ஆனால் எல்லாச் சிங்கி இறாலுக்கும் முடியும் என்ற 1979ஆம் ஆண்டு ஊகம் அப்படியே கிடக்கிறது. ஆகவே கால்கள் இத்தனை, ஒற்றைப்படை இத்தனை என்று நிபந்தனை போட்டு ஒரு குறிப்பிட்ட வகை இறாலுக்கு மட்டும் முயல்வார்கள். இந்தத் தேற்றக் குவியலிலும் மேலே சொன்ன குடிசைத் தொழில் நடக்கத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நடுவில் யாராவது ஒருவர் வேறு ஒரு வாசலைத் திறப்பார். ரோசா இந்த எண்ணிடலை யோசித்ததே, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று இணைத்த ஒரு வலையை ஒரே மரத்தின் நகல்களாக மிச்சமின்றிப் பிரித்துவிடலாம் என்று கெர்ஹார்ட் ரிங்கெல் 1963இல் சொன்ன இன்னொரு ஊகத்தைப் பிடிப்பதற்காக. அந்த ரிங்கெல் ஊகத்தை, மரம் போதிய அளவு பெரிதாக இருந்தால் சரி என்று, 2020இல் மாண்ட்கமரி, போக்ரோவ்ஸ்கி, சுடகோவ் மூவரும் நிரூபித்துவிட்டார்கள், ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுக்கும் பாதையில் போகாமல், நிகழ்தகவு முறைகளைக் கொண்டு. எண்ணிடல் ஊகம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அன்றாட வாழ்க்கையில் இது எப்படி இருக்கும் என்றால், காலையில் போய் உட்கார்ந்து நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கி, மத்தியானம் வழி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, சாயங்காலம் டீ குடிக்கும்போது அதில் ஓட்டை இருப்பது தெரிந்து, ராத்திரி அந்த ஓட்டையை அடைக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்வது. என் சொந்த அனுபவத்தில் ஒரு துணைத்தேற்றத்தை ஏழு மாதம் சரி என்றே நம்பி அதன்மேல் இரண்டு அத்தியாயம் கட்டியிருந்தேன். ஜூனியர் ஒருவருக்குப் பலகையில் விளக்கும்போது 'இந்த எண் பூஜ்யமாக இருந்தால்?' என்று அவர் கேட்டார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஏழு மாதம் வீண் என்று அன்று நினைத்தேன். எதனால் அது பூஜ்யத்தில் உடைகிறது என்பதைப் புரிந்துகொள்ளப் போய்த்தான் கடைசியில் ஆய்வேட்டின் ஒரே நல்ல முடிவு கிடைத்தது. ஆனால் அந்த ஏழு மாதத்துக்குரிய அறிக்கையில் 'பணி திருப்திகரமாக முன்னேறுகிறது' என்றுதான் எழுதியிருக்கிறது.

பிரசுரமும் மெதுவாகத்தான் நகரும். நல்ல கணித இதழ் ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரை ஒரு வருடம் பரிசீலனையில் கிடப்பது சர்வசாதாரணம், ஏனென்றால் யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டும். பெயர்கள் அகர வரிசையில் வரும், முதல் ஆசிரியர் என்று தனி மரியாதை கிடையாது. மற்ற துறைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் தேர்வுக் குழுவில் இதை விளக்குவதற்குள் நேர்காணலே முடிந்துவிடும். ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது, ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. அவசரத்தில் இருப்பவனிடம் பணம் கொடுத்தால் இரண்டு வாரத்தில் போட்டுத்தருகிறோம் என்று வரும் மின்னஞ்சல்கள் தினமும் வந்துகொண்டே இருக்கின்றன. கணிதக் கட்டுரையை இரண்டு வாரத்தில் சரிபார்த்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் அவர் படிக்கவில்லை என்று பொருள்.

இந்த இடத்தில் நிகழ்தகவு மேதை எஸ்.ஆர்.எஸ். வரதன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. சென்னைக்காரர், பிரசிடென்சியில் படித்துவிட்டு கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி.ஆர். ராவிடம் சேர்ந்தார். தொழிற்சாலைகளுக்கான புள்ளியியல் செய்யலாம் என்ற எண்ணத்தில்தான் போனார். அங்கே இருந்த சீனியர்கள், பார்த்தசாரதி, ரங்க ராவ் போன்றவர்கள், அவரை நிகழ்தகவின் பக்கம் இழுத்துவிட்டார்கள். கைடு ஒருவர், கற்றுக்கொடுத்தது அந்த சீனியர்கள். 1962இல் ரஷ்யக் கணித மேதை கோல்மகரோவ் அங்கே வந்திருந்தபோது, அவர் முன்னிலையில் வரதன் தன் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பேச்சு நேரத்தைத் தாண்டி நீண்டுவிட்டது. முடித்ததும் கோல்மகரோவ் எழுந்து கருத்துச் சொல்லப் போக, கூட்டம் கலைய ஆரம்பித்தது. கோபத்தில் அவர் சாக்பீஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியேறிவிட்டார். தன் பிஎச்.டி. அத்தோடு போயிற்று என்று வரதன் நினைத்ததாக அவரே பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் பின்னாலேயே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார்கள். பட்டம் 1963இல் கிடைத்தது, கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு 2007இல்.

இப்போதைய வைவா, அதாவது ஆய்வேட்டின் மேல் நடக்கும் வாய்மொழித் தேர்வு, அவ்வளவு நாடகத்தனமாக இருப்பதில்லை. வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்து அறிக்கை தர வேண்டும், முழு வேலையும் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று விதி சொல்கிறது. அதற்கு முன்னால் எழுத்துத் திருட்டுச் சோதனை ஒன்று உண்டு. மென்பொருள் காட்டும் ஒற்றுமை பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. கணித ஆய்வேட்டில் இது ஒரு தனி வேடிக்கை. 'V ஒரு வெக்டர் வெளி என்க' என்று எழுதினால் உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள், மென்பொருள் சிவப்பாகக் காட்டும். நூறு வருடமாக மாறாத வரையறையை வார்த்தை மாற்றி எழுதி, அந்த மாற்றத்தில் அர்த்தம் கெட்டுப்போன ஆய்வேடுகளை நானே பார்த்திருக்கிறேன். இன்னொருவருடைய நிரூபணத்தை எடுத்துக் குறியீடுகளை மட்டும் மாற்றி வைத்தால் அதே மென்பொருள் கண்டுகொள்ளாது என்பது கிளைக்கதை.

வைவா முடிந்து பட்டம் வந்ததும் ஆய்வேடு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ராமானுஜனின் மூன்று அறிக்கைகளின் மூலப் பிரதி தொலைந்துபோயிற்று. நமக்குக் கிடைப்பது 1925இல் ஒருவர் கையால் பார்த்தெழுதிய நகல் மட்டும். நம் ஆய்வேடுகளுக்கு அந்தக் கதி இல்லை, நல்லதும் இருக்கும் அசடும் இருக்கும். சேரப் போகிறவர்கள் அங்கே போய், கைடாக வரப்போகிறவரிடம் படித்தவர்களின் ஆய்வேடுகள் இரண்டு மூன்றை எடுத்து, முன்னுரையையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்துப் பாருங்கள். முன்னுரையில் ஒரு கேள்வி இருக்கிறதா, அந்தக் கேள்வி கடைசி அத்தியாயத்திலும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், ஒரு மத்தியானத்து வேலை.